ஹில்வியூ வீட்டு புல்தரை: முளைச்ச புல் ஏன் செத்துச்சு, மறுபடி விதை போட்டு எப்படி கொண்டு வந்தோம்

சிங்கப்பூர்ல ஹில்வியூ பக்கம் ஒரு கார்னர் டெரஸ் வீடு, அதாவது வரிசை வீட்டுல மூலை வீடு, எங்க பெரியப்பா பையனோடது. பழைய வீட்டை இடிச்சிட்டு புதுசா கட்டினாங்க, முன்பக்கமும் சைடும் சேர்த்து ஒரு 50 சதுர மீட்டர் வெறும் மண். தீபாவளி முடிஞ்ச கையோட தோட்ட வேலைக்கு வந்த ஆளுங்க கருப்பு மண்ணு ஒரு லேயர் கொட்டி, ரேக் போட்டு சமன் பண்ணி, விதையை தூவிட்டு போயிட்டாங்க. ஒரே வாரத்துல பச்சைப்பசேல்னு முளைச்சு அண்ணன் போட்டோவா அனுப்பிட்டு இருந்தாரு. பொங்கல் வர்றதுக்குள்ள முக்கால்வாசி மஞ்சளாகி படுத்துருச்சு, மிச்ச இடத்துல பாசி, லோங்காங் (மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால்) ஓரமா மட்டும் ஒரு கோடு மாதிரி அடர்த்தியா புல்.

நான் லேண்ட்ஸ்கேப் மெயின்டனன்ஸ் வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், இந்த மாதிரி கேஸ் நிறைய பாத்தாச்சு. எல்லாருமே சொல்றது ஒண்ணுதான், விதை மட்டம், இல்லன்னா தண்ணி பத்தல. அதனால இன்னொரு பாக்கெட் வாங்கி அதே இடத்துல மறுபடி தூவுவாங்க, அதுவும் அதே மாதிரி போகும். இந்த வீட்டுல அண்ணனும் அண்ணியும் பொறுமையா இருந்தாங்க, மறுபடி விதை வாங்குறதுக்கு முன்னாடி காரணத்தை கண்டுபிடிப்போம்னு ஒத்துக்கிட்டாங்க, அதனாலதான் இதை முழுசா எழுத முடியுது.

முதல்ல பாத்தது விதை. பாக்கெட்டுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நூறு விதை எண்ணி ஈரமான டிஷ்யூல சுத்தி பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு வச்சோம், பாதிக்கு மேலயே ஒரு வாரத்துல முளைச்சுருச்சு. அப்ப விதை செத்த விதை இல்ல. ஆனா பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல பாத்தா ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் கலவை, மூணுமே குளிர்நாட்டுப் புல். அதுங்களுக்கு 15லேர்ந்து 24 டிகிரி வரைக்கும்தான் நல்லா இருக்கும். நம்ம ஊர்ல பகல்ல 31, 32, ராத்திரி கூட 23, 25க்கு கீழ சாதாரணமா இறங்காது. சூடு ஏற ஏற இந்த வகைப் புல்லுல கார்பன் டை ஆக்சைடை பிடிக்க வேண்டிய என்சைம் ஆக்சிஜனையும் சேர்த்துப் பிடிக்க ஆரம்பிச்சுரும், பகல்ல சேர்த்த சக்தியில ஒரு பங்கு அங்கயே வீணாப் போகும், ராத்திரியும் சூடா இருக்கறதால சுவாசத்துலயே மிச்சமும் கரையும், வேருக்கு அனுப்ப ஒண்ணும் இருக்காது. ரைகிராஸ் முளைக்கறதுல ரொம்ப வேகம், 5லேர்ந்து 7 நாள்ல வந்துரும், அதனால முதல் வாரம் பாக்க அவ்வளவு அழகா இருக்கும். அந்த வேகத்தை பாத்துதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க.

கௌ கிராஸ், அருகு, ஸோய்சியா எல்லாம் வெயில்நாட்டுப் புல், சி4 வகை. உள்ளயே கார்பன் டை ஆக்சைடை செறிவாக்கிக் குடுக்குற ஒரு ஏற்பாடு அதுங்களுக்கு இருக்கு, 27லேர்ந்து 35 டிகிரி வரைக்கும் சந்தோஷமா வளரும்.

சரி, அப்ப விதையை மாத்தினா போதுமான்னு அண்ணன் கேட்டாரு. போதாது. லோங்காங் ஓரத்துல இருந்த அந்த கோடுதான் எனக்கு உறுத்திச்சு, அங்க மட்டும் புல் ஏன் அடர்த்தின்னா மழை விதையை மொத்தமா அங்க கொண்டு போய் சேர்த்திருக்கு. தண்ணி மண்ணுக்குள்ள இறங்கியிருந்தா விதை ஓடியிருக்காது.

மண்வெட்டியை போட்டா நாலு விரல் ஆழம் கருப்பு மண்ணு, அதுக்கு கீழ டங்குனு ஒரு சத்தம். மஞ்சளும் சிவப்புமா களிமண், லாரியும் எக்ஸ்கவேட்டரும் மாசக்கணக்குல ஏறி இறங்கி செங்கல் மாதிரி இறுகிப் போனது, நடுநடுவுல சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, கம்பி. புக்கிட் தீமா பக்கம் அடியில இருக்கறது கிரானைட் பாறை, அது மழையிலயும் சூட்டுலயும் மக்கி மக்கித்தான் இந்த களிமண், இயற்கையிலயே புளிப்புத் தன்மை உள்ள மண். ஒரு அடி ஆழம் குழி வெட்டி தண்ணி ஊத்தி வச்சோம், மறுநாள் காலையில போய் பாத்தா முக்கால் குழி தண்ணி அப்படியே நிக்குது. ஒழுங்கான மண்ணுல சில மணி நேரத்துல இறங்கிடணும். கண்ணாடி ஜாடியில மண்ணும் தண்ணியும் போட்டு குலுக்கி வச்சதுல மணல் ஒரு நிமிஷத்துல கீழ படிஞ்சுது, வண்டல் ரெண்டு மணி நேரத்துல, அதுக்கு மேல தண்ணி மறுநாளும் கலங்கலாவே இருந்துச்சு, அவ்வளவும் களி. பிஎச், அதாவது மண்ணோட புளிப்பு அளவு, பாத்தா தரை நடுவுல 5 கிட்ட, சுவர் ஓரம் சிமென்ட் கலந்த இடத்துல 8 கிட்ட. ஒரே தோட்டத்துல இவ்வளவு வித்தியாசம், அதனால ஒரே இடத்துல டெஸ்ட் பண்ணிட்டு முடிவு பண்ணக்கூடாது.

ஆக நோய் ரெண்டு, ஒண்ணு ஊருக்கு ஒவ்வாத புல், ரெண்டாவது தண்ணியும் வேரும் இறங்க முடியாத தரை. மூணாவதா போட்ட நேரமும் சேர்ந்துக்கிச்சு. நவம்பர் டிசம்பர்ல வடகிழக்கு பருவமழை, வருஷத்துலயே டிசம்பர்தான் அதிக மழை. வருஷம் முழுக்க 2,100 மில்லிமீட்டருக்கு மேல பெய்யற ஊர்ல அதுலயும் உச்ச மாசத்துல தூவினா, இறுகின தரை மேல விதை நிக்கவே நிக்காது.

மறுபடி விதைக்கறதை தைப்பூசத்துக்கு அப்புறம்னு தள்ளி வச்சோம். நம்ம ஊர்ல பிப்ரவரிதான் சராசரியா மழை குறைஞ்ச மாசம். வெளியூர் புத்தகங்கள்ல மழைக்காலத்துக்கு முன்னாடி விதைன்னு இருக்கும், அது தண்ணி கஷ்டம் உள்ள ஊருக்கு. இங்க குழாயைத் திறந்தா தண்ணி வருது, அடிச்சு ஊத்துற மழையைத்தான் நிறுத்த முடியாது. செலவும் பெருசா இல்ல: வெயில் படுற 35 சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் வீதம் 105 லிட்டர், ரெண்டு வாரத்துக்கு ஒன்றரை கன மீட்டர். வீட்டுத் தண்ணி 2025 ஏப்ரல்லேர்ந்து மாசம் 40 கன மீட்டர் வரைக்கும் கன மீட்டருக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 24 காசு, அப்ப மொத்தமே 5 வெள்ளி.

மண் வேலை

பாதிக்கு மேல உழைப்பு இங்கதான் போச்சு, போகவும் வேணும். ஃபோர்க் போட்டு 15 சென்டிமீட்டருக்கு கிளறி, கட்டியெல்லாம் பொறுக்கி மூட்டை மூட்டையா வெளிய அனுப்பினோம். மண் ஈரமா பிசுபிசுன்னு இருக்கும்போது கிளறவே கூடாது, களி குழைஞ்சு காயும்போது இன்னும் இறுகும், கையில உருட்டினா உதிரணும், அந்தப் பதம் வர்ற வரைக்கும் காத்திருந்தோம். யாரோ அண்ணன்கிட்ட ரெண்டு மூட்டை மணல் கொட்டிட்டா களிமண் சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க. கொஞ்சூண்டு மணலை களிமண்ணுல கலந்தா மணல் துகள் இடுக்கையெல்லாம் களி அடைச்சிரும், முன்ன விட கெட்டியாத்தான் போகும். ஜிப்சமும் போடச் சொன்னாங்களாம், அது உப்பு மண்ணுல சோடியத்தை வெளிய தள்ளுறதுக்கு, இங்க அந்தப் பிரச்சனையே கிடையாது. இந்த மண்ணுக்குத் தேவை மக்கின உரம். அஞ்சு சென்டிமீட்டர் கனத்துக்கு நல்லா மக்கின கம்போஸ்ட் பரப்பி கிளறின மண்ணோட கலந்தோம், புளிப்பு அதிகமான நடுப்பகுதியில மட்டும் டோலமைட் சுண்ணாம்பு. சுவர் ஓரத்துல சிமென்ட் கலந்த மண்ணை வெட்டி எடுத்துட்டு தோட்ட வேலைக்கு இங்க எல்லாரும் போடுற 3:2:1 கலவை போட்டோம், மூணு பங்கு மண், ரெண்டு பங்கு கம்போஸ்ட், ஒரு பங்கு மணல். இதுல மணல் இருக்கேன்னு கேட்கலாம், அங்க அடிப்படை மண்ணே தோட்ட மண், களி இல்ல, அதனால சரி.

அடுத்தது சரிவு. வீட்டுலேர்ந்து லோங்காங் பக்கம் 6 மீட்டர் தூரம், நூத்துக்கு ஒண்ணு சரிவுன்னா 6 சென்டிமீட்டர் இறங்கணும், நூத்துக்கு ரெண்டுன்னா 12. நூல் கட்டி லெவல் வச்சு அந்த ரெண்டுக்கும் நடுவுல கொண்டு வந்தோம். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன், ஏன்னா கண்ணுக்கு சமமா தெரியற தரையில ஒரு சின்ன பள்ளம் இருந்தாக்கூட மழைக்கு அப்புறம் அங்க தண்ணி தேங்கும், நாத்து அழுகும், அதோட நாள்கணக்குல தேங்குற தண்ணியில கொசு முட்டை வைக்கும், டெங்கி உள்ள ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல.

சமன் பண்ணினதும் விதைக்கல. ரெண்டு வாரம் லேசா தண்ணி விட்டு சும்மா விட்டோம். மண் படிஞ்சுது, பள்ளம் எங்கன்னு தானே காட்டிக் குடுத்துச்சு, உள்ள இருந்த களை விதையும் முளைச்சு வந்துச்சு, தொட்டாச்சிணுங்கி, கோரை, இன்னும் பேர் தெரியாததெல்லாம். முளைச்சதை அப்படியே மேலாக்க சுரண்டி எடுத்தாச்சு. புல் முளைச்சப்புறம் இதுங்களை பிடுங்குறது எவ்வளவு கஷ்டம்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

எந்தப் புல்

அண்ணிக்கு சிக்லாப் புல் மேல ஆசை, ஸோய்சியா மட்ரெல்லா, மெல்லிசா மெத்து மெத்துன்னு இருக்குமே அது. ஆனா அதை விதையா போடுறது நடைமுறையில சரிப்படாது, துண்டு துண்டா தரைப்புல்லாத்தான் வாங்கிப் பதிக்கணும். கௌ கிராஸ் ரோட்டோரம் முழுக்க இருக்கறதுதான், நிழலும் புளிப்பு மண்ணும் தாங்கும், இலை அகலமா முரடா இருக்கும். நல்ல வெயில் படுற 35 மீட்டருக்கு நாங்க எடுத்தது அருகம்புல், சைனோடான் டாக்டிலான், தோல் நீக்கின விதை. தோலோட இருந்தா முளைக்க நாள் ஆகும்.

அந்த நேரம் அண்ணியோட அப்பா மன்னார்குடியிலேர்ந்து வந்திருந்தாரு, வாழ்நாள் முழுக்க நெல்லு விவசாயம் பண்ணினவர். பாக்கெட்டை பாத்துட்டு, "என்ன தம்பி, வரப்புல முளைச்சா வெட்டி வெட்டி எறிவோம், அதையா காசு குடுத்து வாங்கி விதைக்கிறீங்க"ன்னு கேட்டாரு. "ஆமா மாமா, வரப்புல போகவே மாட்டேங்குதுல்ல, அதனாலதான்"னு சொன்னேன். அப்புறம் ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, "புள்ளையாருக்கு வாசல்லயே கிடைக்கும்"னு அவரே சமாதானம் ஆயிட்டாரு. ஆனா அவர் சொன்னது உண்மையான எச்சரிக்கை. அருகு மண்ணுக்கு மேலயும் கீழயும் ஓடும், பூச்செடிப் பாத்தியை விடாது, அதனால பாத்தி ஓரமெல்லாம் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எட்ஜிங் (தடுப்புப் பட்டை) பதிச்சுட்டுத்தான் விதைச்சோம்.

சதுர மீட்டருக்கு 8 கிராம், மொத்தம் 280 கிராம். கேட்டா கைப்பிடி அளவுதானான்னு தோணும், ஆனா ஒரு கிராம்லயே ஆயிரக்கணக்குல விதை இருக்கு. அதிகமா போட்டா அடர்த்தியா வரும்னு நினைக்கறது தப்பு, நெருக்கத்துல ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டு எல்லாமே நோஞ்சானா நிக்கும், பூஞ்சையும் வேகமா பரவும். இவ்வளவு பொடி விதையை சமமா தூவ மாமாதான் கை குடுத்தாரு. காய்ஞ்ச மணல்ல கலந்து ரெண்டு பங்கா பிரிச்சு, ஒரு பங்கை கிழக்கு மேற்கா, இன்னொண்ணை தெற்கு வடக்கா வீசினாரு, நாத்தங்கால்ல வீசுற அதே கை. விதையை ராத்திரி ஊற வைக்கலாமான்னு கேட்டாரு, தோல் நீக்கினதுக்கு அது தேவையில்ல, ஊறின பொடி விதை கையில ஒட்டிக்கிட்டு கொத்தா விழும்னு வேணாம்னேன். வைக்கோல் மூடலாம்னாரு, அதுலேர்ந்து களை விதை வரும்னு அதையும் விட்டோம்.

ரேக்கோட முதுகுப்பக்கத்தால லேசா இழுத்தோம், விதை அரை சென்டிமீட்டருக்கு மேல உள்ள போகக்கூடாது. மேல சல்லடையில சலிச்ச கம்போஸ்ட் மெல்லிசா ஒரு பூச்சு. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போடல, பெருமழை வந்தா மிதந்து விதையோட ஓடிரும். பலகை போட்டு மிதிச்சு விதையும் மண்ணும் ஒட்டுற மாதிரி பண்ணினோம், நடந்தா கால் தடம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல பதியாத அளவு. அதுக்கு மேல குச்சி நட்டு, முழங்கால் உயரத்துல ஷேட் நெட்.

நெட்டு நிழலுக்கு இல்ல, மழைத்துளிக்கு. பெரிய துளி வந்து அடிக்கிற அடியில மண் துகள் சிதறி, காயும்போது மேல ஒரு ஓடு மாதிரி இறுகிடும், முளை அதை முட்டி வெளிய வர முடியாது. நெட்டுல பட்டு உடைஞ்சு விழுந்தா அந்த வேகம் இருக்காது. மைனா, புறா கூட்டமும் உள்ள வரல. எறும்பு வரிசையா விதையை தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சுது, அதுக்கு ஓரத்துல பெய்ட் (விஷத்தீனி) வச்சது போதும்.

முளைச்சதிலேர்ந்து

தண்ணி காலையில, பதினொரு மணிக்கு, மத்தியானம் மூணு மணி வாக்குல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம், மேல் ஒரு சென்டிமீட்டர் ஈரம் காயாம. சாயந்திரம் வேணாம்னு கண்டிப்பா சொல்லியிருந்தேன். ராத்திரி இங்க காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல போகும், இலையில பட்ட தண்ணி விடியற வரைக்கும் காயாது, பித்தியம் மாதிரி நாத்தழுகல் கிருமிக்கு அதுதான் வேணும். முதல் வாரக் கடைசியில பச்சை தெரிய ஆரம்பிச்சுது. அன்னிக்கே நெட்டை எடுக்கச் சொன்னேன், அண்ணிக்கு மனசே இல்ல, மழை வந்தா என்ன பண்றதுன்னு பயம். ஆனா அருகுக்கு வெயில் இல்லன்னா வாழ்க்கையே இல்ல, நிழல்ல நாலு நாள் விட்டா நாத்து நூல் மாதிரி நீண்டு படுத்துடும்.

மூணாவது வாரம் கூரைத் தண்ணி குழாய் இறங்குற மூலையில ஒரு தட்டு அளவுக்கு நாத்து தண்டடியில கருத்து சாஞ்சுது. மருந்து வாங்கட்டுமான்னு அண்ணன் போன் பண்ணினாரு. குழாய் வாயை நேரா லோங்காங்குக்குத் திருப்பி விட்டுட்டு, அந்த மூலைக்கு மட்டும் தண்ணியை நிறுத்தினோம், பரவுறது நின்னுருச்சு. காரணத்தை விட்டுட்டு மருந்து அடிச்சா அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

அதுக்கப்புறம் தண்ணி முறையை மாத்தினோம், தடவையைக் குறைச்சு ஆழத்தைக் கூட்டி, கடைசியில ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நல்லா இறங்குற மாதிரி. வேர் தண்ணியைத் தேடித்தான் கீழ போகும், மேலயே கிடைச்சா மேலயே இருந்துரும்.

புல் 5 சென்டிமீட்டர் வந்ததும் முதல் வெட்டு, மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காம, மண் காய்ஞ்ச நாளா பாத்து, கூரான பிளேடுல. இந்த முதல் வெட்டை பயந்து தள்ளிப் போடறவங்கதான் அதிகம். நுனியை வெட்டினாத்தான் அருகு பக்கவாட்டுல ஓடும், தரை மூடறது அந்த ஓட்டத்துலதான், விதை எண்ணிக்கையில இல்ல. வெட்டுக்கு அப்புறம் 15-15-15 உரம் சதுர மீட்டருக்கு 20 கிராம், அதுல நைட்ரஜன் 3 கிராம், போட்ட உடனே தண்ணி. கோரை திரும்ப வந்துச்சு, கிழங்கோட தோண்டினாலும் கொஞ்சம் மிஞ்சும், வாரா வாரம் பிடுங்கிட்டே இருந்தா கிழங்கு பலம் இழக்கும், வேற குறுக்கு வழி இல்ல.

உண்மையான பரீட்சை ஏப்ரல்ல வந்துச்சு. பருவம் மாறுற அந்த நேரம் மத்தியானத்துக்கு மேல இடி மின்னலோட கொட்டுமே, அப்படி ஒரு மழை. பழைய தரையில மறுநாள் வரைக்கும் நின்ன தண்ணி, இந்தத் தடவை மழை விட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடுச்சு, லோங்காங்ல ஓடின தண்ணியும் கலங்கல் இல்ல. அண்ணன் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு வீடியோ எடுத்து அனுப்பினாரு, எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு.

மே மாசம் ஒரு இடம் ராத்திரியோட ராத்திரியா மொட்டையான மாதிரி ஆச்சு. ரெண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவுற சோப்பை வாளித் தண்ணியில கலந்து ஒரு சதுர மீட்டர்ல ஊத்தினா பத்து நிமிஷத்துல பச்சைப் புழு மேல ஏறி வந்துச்சு, படைப்புழு. பிடி (Bt)ன்னு சொல்ற, புழுவைக் கொல்ற பாக்டீரியா மருந்தை சாயந்திரம் அடிச்சோம், வெயில்ல அது சீக்கிரம் செயல் இழக்கும், புழுவும் ராத்திரிதான் திங்கும். அந்த ஒரு சாயந்திரம் மட்டும் இலை நனையறதுக்கு விதிவிலக்கு. அருகு ஓட்டத்துலயே அந்த இடம் மூடிக்கிச்சு.

சரியா வராத இடமும் இருக்கு. பக்கத்து வீட்டு மாமரக் கிளை சாயற சைடுல, வெயில் பகுதி முடியற ஓரத்துல அருகு ஒல்லியாத்தான் நிக்குது, நாலு மணி நேர வெயில் கூட கிடைக்கல, எவ்வளவு உரம் போட்டாலும் அது தேறாது. முழு நிழல்ல இருந்த மிச்ச 15 சதுர மீட்டருக்கு முதல்லயே கௌ கிராஸ் ஓடுதண்டை 20 சென்டிமீட்டர் இடைவெளியில நட்டிருந்தோம், அது நல்லா மூடிருச்சு, வெட்டுற உயரம் மட்டும் 5 சென்டிமீட்டர்னு மேல வச்சிருக்கோம். இப்ப அந்த ஒல்லி ஓரத்துலயும் கௌ கிராஸையே ஓட விடச் சொல்லிட்டேன். அண்ணிக்கு ரெண்டு பச்சையும் வேற வேற நிறமா தெரியறது பிடிக்கல. இலையும் வேற, நிறமும் வேற, அது மாறாது, வேணும்னா நடுவுல ஒரு வரிசை நடைக்கல் பதிக்கலாம்னு சொல்லியிருக்கேன். டிசம்பர் மழைக்கு முன்னாடி ஃபோர்க்கை 10 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து வீதம் தரை முழுக்க குத்தி, மேல மெல்லிசா கம்போஸ்ட் தூவணும், அதுக்கு அண்ணன் இப்பவே நாள் குறிச்சு வச்சிருக்காரு.